பனி விழாத மலையிலிருந்து டவுன்ஹில் பந்தயத்துக்கு: நீலகிரி, கொடைக்கானல் பிள்ளைகளுக்கான முழு வழிகாட்டி

டிசம்பர் கடைசியில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடக்கும். தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்பார்கள். வெயில் ஏறியதும் எல்லாம் தண்ணீராகிவிடும். நமக்கு உறைபனி உண்டு, பனிப்பொழிவு கிடையாது. கொடைக்கானலிலும் அதே நிலைதான்.

இந்த மலைகளில் வளரும் ஒரு பிள்ளை, பனிச்சரிவில் அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில் பனிச்சறுக்கு வீரராக வேண்டும் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் என்ற பந்தயம் இன்று உலகெங்கும் நடக்கிறது. அதற்கு 1922-இல் சுவிட்சர்லாந்தின் மூரன் கிராமத்தில் வடிவம் கொடுத்தவர் ஆர்னால்ட் லன். அவர் 1888-இல் பிறந்தது சென்னையில். சிறுவனாக இருந்தபோதே ஆல்ப்ஸ் மலைக்குப் போய்ப் பனியில் பழகியதால் அவருக்கு அது கைவந்தது. அந்தச் சிறு வயதுப் பழக்கத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கால் பலத்தையும் மூச்சையும் நம் மலையிலேயே வளர்த்துக்கொள்ளலாம். பனியில் நிற்கும் நாள்களைக் காஷ்மீரிலும் வெளிநாட்டிலும் தேடிப்போய்ச் சேர்க்க வேண்டும். அந்த நாள்களைப் பதினாறு வயதுக்குள் எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்பதை வைத்தே மற்ற எல்லாம் அமையும். டவுன்ஹில் இந்தப் பாதையின் கடைசிப் படி. அதை முதல் படியாக நினைத்து இறங்கினால் பணமும் முழங்காலும் போகும்.

எதற்குத் தயாராகிறோம்

மலைச்சரிவில் இறங்கும் பனிச்சறுக்கை ஆல்பைன் என்பார்கள். அதில் நான்கு அடிப்படைப் பிரிவுகள் உள்ளன. ஸ்லாலத்தில் கம்பங்கள் நெருக்கமாக நிற்கும். திருப்பங்கள் சின்னவை, வேகம் குறைவு. ஜெயண்ட் ஸ்லாலத்தில் இடைவெளி கூடும். சூப்பர்-ஜி அதைவிட வேகமானது. எல்லாவற்றிலும் வேகமானது டவுன்ஹில். அதில் ஒரே ஓட்டம்தான்; மறுவாய்ப்பு இல்லை.

உலகக் கோப்பை ஆண்கள் டவுன்ஹில் தடத்தில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 800 முதல் 1,100 மீட்டர் வரை உயர வேறுபாடு இருக்க வேண்டும் என்பது விதி. ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட இறக்கத்தை இரண்டு நிமிடத்தில், இரண்டு பலகைகளின் மேல் நின்றபடி கடக்கிறார்கள். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் நகரில் இருக்கும் ஸ்ட்ரைஃப் தடத்தின் நீளம் 3,312 மீட்டர். 1997-இல் ஃபிரிட்ஸ் ஸ்ட்ரோபல் அதை 1 நிமிடம் 51.58 விநாடியில் முடித்தார். சுவிட்சர்லாந்தின் வெங்கன் ஊரிலுள்ள லாபர்ஹார்ன் தடம் இன்னும் நீளமானது, நான்கரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2013-இல் பிரான்சின் ஜோஹான் கிளாரே அங்கே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அதே கிளாரே 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 41. இந்தப் பிரிவில் அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். தடத்தை மனதில் வைத்திருப்பதும், பயத்தை அடக்கத் தெரிந்திருப்பதும் வயதோடுதான் வருகின்றன.

இந்தியாவிலிருந்து குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன முதல் வீரர் ஜெரெமி புஜகோவ்ஸ்கி. 1964 இன்ஸ்ப்ருக் போட்டியில் அவர் டவுன்ஹில்லில்தான் இறங்கினார். பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் ஸ்லாலத்திலும் ஜெயண்ட் ஸ்லாலத்திலும் போட்டியிட்டார்கள். 1988 கால்கரியில் ஷைலஜா குமார், 2006 டுரினில் நேஹா அஹுஜா, 2022 பெய்ஜிங்கில் குல்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் கான் என்று அந்த வரிசை நீளும். 2018-இல் மணாலிப் பெண் ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் வென்ற வெண்கலமும் ஸ்லாலத்தில்தான். இதற்குக் காரணம் துணிச்சல் குறைவு என்று எண்ண வேண்டாம். உலகக் கோப்பை அளவுக்கான டவுன்ஹில் தடம் இந்தியாவில் இல்லை. டவுன்ஹில், சூப்பர்-ஜி ஆகிய வேகப் பிரிவுகளுக்கு ஒலிம்பிக் தகுதி வரம்பும் கடுமையானது. நம் பிள்ளைகளும் இதே வரிசையில்தான் போக வேண்டும்: முதலில் ஸ்லாலம், ஜெயண்ட் ஸ்லாலம், பிறகு சூப்பர்-ஜி, அதற்குப் பிறகே டவுன்ஹில்.

வயதைப் பற்றி ஒளிக்காமல் பேசுவோம்

ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் மூன்று, நான்கு வயதிலேயே பிள்ளைகள் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். ஆஸ்திரியாவின் ஹெர்மன் மையரைப் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கொத்தனாராக வேலை செய்துகொண்டிருந்தவர் இருபது வயதைத் தாண்டிய பிறகு அணிக்குள் நுழைந்தார். 1998 நாகானோ ஒலிம்பிக் டவுன்ஹில்லில் காற்றில் பறந்து விழுந்தும், சில நாள்களிலேயே இரண்டு தங்கம் வென்றார். கேட்கவே சிலிர்க்கும் கதை. ஆனால் அவர் தாமதமாகக் கண்டெடுக்கப்பட்டவரே ஒழிய, தாமதமாகத் தொடங்கியவர் அல்லர். சிறு குழந்தையாக இருந்தபோதே பனியில் இறங்கியவர் அவர்.

என் கணக்கு இது. எட்டு வயதுக்குள் பனியைத் தொட்டு, ஒவ்வொரு குளிர்காலமும் சில வாரங்களாவது அங்கே செலவிட முடிந்தால் ஆல்பைன் பந்தயக் கனவு நியாயமானது. பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள் தொடங்கினால் தேசிய அளவும், கடுமையாக உழைத்தால் ஆசிய அளவும் எட்டக்கூடியவை. கல்லூரி வயதில் முதல்முறை பனியைப் பார்ப்பவருக்கு டவுன்ஹில் தொழிலாக அமையாது. இதைச் சொல்லாமல் மறைப்பது அந்த இளைஞருக்குச் செய்யும் துரோகம்.

அப்படிப்பட்டவருக்கு வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன. பனிப்பரப்பில் நெடுந்தூரம் சறுக்கிச் செல்லும் கிராஸ்கன்ட்ரி பனிச்சறுக்கில் நெஞ்சுரமும் மூச்சும்தான் முதன்மை; சக்கரம் வைத்த பலகையில் தார்ச்சாலையிலேயே பெரும்பகுதிப் பயிற்சியை முடிக்கலாம். காப்பித் தோட்டங்கள் நிறைந்த குடகிலிருந்து போன பவானி தெக்கடா நஞ்சுண்டா இந்தப் பிரிவில் இந்தியாவுக்காகப் போட்டியிடுகிறார். குடகுக்கும் நீலகிரிக்கும் எவ்வளவு தூரம்? பனிமலை ஏறி இறங்கும் ஸ்கீ மவுன்டனியரிங் 2026 மிலான்-கோர்டினா ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. மலையில் ஓடிப் பழகிய கால்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

மலையிலேயே செய்ய வேண்டிய பயிற்சி

சமவெளிப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குல்மார்க் சுமார் 2,650 மீட்டரில். சென்னையிலிருந்து போகும் பிள்ளை முதல் இரண்டு நாள் தலைவலியோடு படுத்துக்கிடக்கலாம். ஊட்டிப் பிள்ளை மறுநாளே பயிற்சிக்குத் தயாராகிவிடும். பனியில் ஒவ்வொரு நாளும் காசு கொடுத்து வாங்கும் நாள் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

டவுன்ஹில் வீரரின் வேலையில் பெரும்பகுதி இறங்குவதும் தாங்குவதும்தான். திருப்பத்தில் உடல் எடையைப்போலப் பல மடங்கு அழுத்தம் ஒரே காலில் வந்து விழும். தொடைத் தசை அப்போது நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். இதற்கு இறக்கத்தில் நடப்பதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு நடந்து ஏறுங்கள். திரும்பும்போது முதுகுப்பையில் சிறிது எடை வைத்து, குதிகாலில் மோதாமல், முழங்காலை மடக்கி மெதுவாக இறங்குங்கள். முதல் வாரம் படியிறங்கவே முடியாதபடி தொடை வலிக்கும்; பிறகு பழகிவிடும். பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எடை வேண்டாம், வெறும் நடையே போதும்.

இதனோடு ஒற்றைக்கால் உட்கார்ந்து எழுதல், பெட்டியின் மேல் பக்கவாட்டில் தாவுதல், மார்பு தொடையைத் தொடும்படி குந்தி நின்று இரண்டு நிமிடம் அசையாதிருத்தல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது எளிது என்று நினைப்பவர்கள் ஒருமுறை கடிகாரம் வைத்துச் செய்து பார்க்கலாம். ஜூடோவோ ஜிம்னாஸ்டிக்ஸோ ஒன்றைக் கட்டாயம் பழக வேண்டும். விழத் தெரிந்தவன்தான் நெடுநாள் பந்தயத்தில் இருப்பான்.

அடுத்தது இன்லைன் ஸ்கேட்டிங். நீலகிரிப் பிள்ளைக்குப் பனிக்கு மிக நெருக்கமான அனுபவம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரே வரிசையில் சக்கரங்கள் அமைந்த ஸ்கேட்டில் கம்பங்களுக்கு இடையே இறங்குவதை இன்லைன் ஆல்பைன் என்கிறார்கள். இந்திய ரோலர் ஸ்கேட்டிங் சம்மேளனத்தின் தேசியப் போட்டிகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. மெல்லிய சரிவுள்ள பள்ளி மைதானமோ, வண்டி வராத உள்வழித் தார்ப்பாதையோ போதும். மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களை எட்டு முதல் பத்து மீட்டர் இடைவெளியில், ஒன்று இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். முதல் பாட்டிலைச் சுற்றும்போது கண் இரண்டாவதையும் தாண்டி மூன்றாவதில் இருக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது எடை முழுவதும் வலக்காலில். வலப்பக்கம் திரும்பும்போது இடக்காலில். இந்த வெளிக்கால் பழக்கம்தான் ஆல்பைன் பனிச்சறுக்கின் அரிச்சுவடி. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு பூட்ஸின் நாக்கை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த அழுத்தம் விட்டுப்போனால் உடல் பின்னால் சாய்ந்துவிட்டது என்று பொருள். பக்கத்தில் நிற்பவருக்குச் சக்கரத்தின் ஓசையே சொல்லிவிடும்: எடை சரியான காலில் இருந்தால் ஒரே சீரான உராய்வு கேட்கும், தவறினால் அது விட்டு விட்டுக் கேட்கும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான உலர்ந்த மாதங்களில் மட்டும் இதைச் செய்யுங்கள். மூடுபனியில் நனைந்த தாரும் பாசி படிந்த ஓரமும் எலும்பை முறித்துவிடும். கல்லட்டி மலைப்பாதை போன்ற போக்குவரத்துச் சாலைகளில் இறங்கிப் பார்க்கும் ஆசையே கூடாது. தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு இல்லாமல் ஒரு திருப்பமும் வேண்டாம்.

முதல் பனிக்குப் போகும் வழி

இந்தியாவில் தொடக்கப் பயிற்சிக்கு மூன்று இடங்கள் முக்கியமானவை. காஷ்மீரின் குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாயி மலையேற்ற நிறுவனம் சோலாங் சரிவில் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை வகுப்புகளை நடத்துகிறது. உத்தராகண்டின் அவுலியில் மாநிலச் சுற்றுலாக் கழகம் கற்றுத்தருகிறது. 2011-இல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்த சரிவு அது. அரசு நிறுவன வகுப்புகள் தனியார் பயிற்சியைவிடச் செலவு குறைந்தவை. கருவி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் சிறு பிள்ளைகளின் பெற்றோர் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

எனது தேர்வு குல்மார்க். அங்கே கேபிள் கார் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது, சரிவு நீளமானது, நாட்டின் நல்ல பந்தய வீரர்கள் பலர் அங்கேயே வளர்ந்தவர்கள். இந்த மண்ணின் சிறந்த ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே பாதிப் பயிற்சி. போவதற்குக் கோவையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானம் உண்டு. ரயிலில் போக விரும்பினால் கட்ரா வரை சென்று, 2025 ஜூன் முதல் ஓடும் வந்தே பாரத்தில் ஸ்ரீநகரை அடையலாம். அங்கிருந்து தங்மார்க் வழியாக சுமார் 50 கிலோமீட்டர் சாலைப் பயணம். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். 2025-இல் போதிய பனி விழாததால் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் கட்டமே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.

முதல் குளிர்காலத்தில் பந்தயம் பற்றிப் பேச்சே வேண்டாம். நிற்க, நிறுத்த, இரு பக்கமும் ஒரே தரத்தில் திரும்பக் கற்றுக்கொண்டால் போதும். இரண்டாம் ஆண்டில் பலகையின் விளிம்பைப் பனியில் பதித்துச் செதுக்கித் திரும்புவதைப் பழக வேண்டும். கம்பங்களுக்குள் நுழைவது அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டுக் கம்பத்துக்குள் போகும் பிள்ளைகள் பக்கவாட்டில் சறுக்கியே தப்பித்துக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

துபாயில் 2005 முதல் இயங்கும் உள்ளரங்கப் பனிச்சரிவையும் நினைவில் வையுங்கள். அதன் மிக நீண்ட தடம் 400 மீட்டர்தான். ஆனால் ஆண்டு முழுவதும் பனி இருக்கிறது, தொடக்க நிலைப் பந்தயங்களும் அங்கே நடக்கின்றன. ஆரிஃப் கான் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கான ஸ்லாலம் தகுதியைப் பெற்றது துபாய்ப் பந்தயங்களில்தான். வளைகுடாவில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம் மலையில் நிறைய. தங்கும் செலவு மிச்சமாகும்.

பொதுத்தேர்வும் பனிப்பருவமும்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய முட்டுக்கட்டை இங்கேதான் வருகிறது. பனிப்பருவம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு மார்ச்சில். செய்முறைத் தேர்வு அதற்கும் முன்பே. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இரண்டு முழுப் பருவங்கள் கைவிட்டுப் போகும். பந்தயத்துக்கு மிக முக்கியமான வயதும் அதுவேதான்.

வழி இல்லாமல் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சில விடுதிப் பள்ளிகள் டிசம்பர், ஜனவரியில் நீண்ட விடுமுறை விடுகின்றன. அந்த வசதி இல்லாதவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தைப் பற்றி யோசிக்கலாம். அதன் தேர்வுகள் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரு முறை வருகின்றன, பனிப்பருவத்தோடு மோதுவதில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் எட்டாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பத்தாம் வகுப்பு டிசம்பரில் விடுப்புக் கடிதம் நீட்டினால் எந்தப் பள்ளியும் முகம் சுளிக்கும், அதில் தவறும் இல்லை.

உரிமமும் புள்ளியும்

உலகப் பனிச்சறுக்கை நிர்வகிப்பது 1924-இல் தொடங்கிய எஃப்.ஐ.எஸ் என்ற சர்வதேசச் சம்மேளனம். இந்தியாவில் அதன் உறுப்பு அமைப்பு 'ஸ்கீ அண்ட் ஸ்னோபோர்டு இந்தியா'. பதினாறு வயது நிறைகிற ஆண்டில் தொடங்கும் பருவத்திலிருந்து எஃப்.ஐ.எஸ் பந்தயங்களில் கலந்துகொள்ளலாம். தேசிய அமைப்பு வழியாகத்தான் உரிமம் பெற முடியும். தனியாக விண்ணப்பிக்க வழியில்லை. பருவம் ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரை கணக்கிடப்படுகிறது.

உரிமம் கிடைத்ததும் வாழ்க்கையே புள்ளிக் கணக்காகிவிடும். இங்கே புள்ளி குறைந்தால்தான் பெருமை. உலகின் முதல் வரிசையில் இருப்பவருக்குப் புள்ளி பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கணக்கு இப்படி: உங்கள் நேரத்தை வென்றவரின் நேரத்தால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, பிரிவுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் டவுன்ஹில்லுக்கு 1,250, ஸ்லாலத்துக்கு 730. வென்றவர் 100 விநாடியில் இறங்கி, நீங்கள் 102 விநாடி எடுத்தால் டவுன்ஹில்லில் 25 புள்ளி. அதோடு அந்தப் பந்தயத்தில் இறங்கியவர்களின் தரத்தைப் பொறுத்து ஒரு கூடுதல் எண் சேரும்; வலுவான வீரர்கள் வந்த பந்தயமாக இருந்தால் அந்தக் கூடுதல் குறையும். ஒரு பிரிவில் உங்களுடைய சிறந்த இரண்டு முடிவுகளின் சராசரிதான் பட்டியலில் ஏறும்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள பாடம் கிடைக்கிறது. பலவீனமான பந்தயத்தில் முதலிடம் பெறுவதைவிட, வலுவானவர்கள் நிறைந்த பந்தயத்தில் பதினைந்தாவதாக வருவது பல சமயம் நல்ல புள்ளி தரும். கோப்பை ஆசையில் சின்னப் போட்டிகளையே சுற்றிக்கொண்டிருந்தால் பட்டியலில் ஏற முடியாது.

ஏணி இப்படி ஏறும்: தொடக்க நிலைப் பந்தயங்கள், எஃப்.ஐ.எஸ் பந்தயங்கள், தேசிய சாம்பியன்ஷிப், கண்டக் கோப்பை, கடைசியில் 1967 முதல் நடந்துவரும் உலகக் கோப்பை. ஆசியாவுக்கான ஃபார் ஈஸ்ட் கோப்பையில் பெரும்பாலும் ஸ்லாலமும் ஜெயண்ட் ஸ்லாலமும்தான். டவுன்ஹில் வேண்டுமானால் ஐரோப்பாவுக்கோ வட அமெரிக்காவுக்கோ, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தென் அமெரிக்காவுக்கோ போயாக வேண்டும். உலகக் கோப்பையில் முதல் முப்பது பேருக்கு மட்டுமே புள்ளி: முதலிடத்துக்கு 100, முப்பதாவது இடத்துக்கு 1.

பலகை, விளிம்பு, காப்பு

ஆண்களின் டவுன்ஹில் பலகை குறைந்தது 218 சென்டிமீட்டர் நீளம், பெண்களுக்கு 210. ஸ்லாலம் பலகையோ 165, 155 சென்டிமீட்டர்தான். தொடக்கக்காரர் டவுன்ஹில் பலகை வாங்குவது வீண். முதல் இரு பருவங்களுக்கு வாடகைப் பலகையும் சொந்தப் பூட்ஸும் போதும். பூட்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாதத்துக்கு இறுக்கமாகப் பொருந்தாத பூட்ஸ் இருந்தால் காலில் கொடுக்கும் கட்டளை பலகைக்குப் போய்ச் சேராது.

விளிம்பு தீட்டுவதை முதல் நாளிலிருந்தே பிள்ளையின் கையால் செய்யப் பழக்குங்கள். பலகையைப் பிடிப்பானில் செங்குத்தாக நிறுத்தி, பக்க விளிம்பை 87 அல்லது 88 பாகையில் அரத்தால் ஒரே திசையில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. பிறகு வைரக்கல் பதித்த தட்டால் பிசிறு எடுக்க வேண்டும். விரல் நகத்தை விளிம்பின் மேல் இலேசாக இழுத்தால் பால்போல வெள்ளைத் தூள் சுரண்டிக்கொண்டு வரும். அதுதான் கூர்மைக்கு அடையாளம். உலகக் கோப்பைத் தடத்தில் தண்ணீர் பாய்ச்சி இறுக்கிக் கல்லாக்கி வைத்திருப்பார்கள். அங்கே மழுங்கிய விளிம்போடு போனால் ஓரத்துப் பாதுகாப்பு வலையில்தான் நிற்க முடியும். ஃபுளோரின் கலந்த மெழுகு 2023-24 பருவத்திலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய மெழுகைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள்.

தலைக்கவசத்தில் எஃப்.ஐ.எஸ் அங்கீகார ஒட்டு இருக்க வேண்டும். முதுகுக் காப்பு அவசியம். உலகக் கோப்பை வேகப் பிரிவுகளில் உடைக்குள் அணியும் காற்றுப்பை 2024-25 பருவத்தில் கட்டாயமாயிற்று.

டவுன்ஹில் நடக்கும் வாரம்

பந்தயத்துக்கு முந்தைய நாள்களில் நேரம் குறிக்கும் பயிற்சி ஓட்டங்கள் நடக்கும். அவற்றில் ஒன்றிலாவது இறங்காதவர் பந்தயத்தில் இறங்க முடியாது. காலையில் தடத்தைப் பார்வையிட அனுமதிப்பார்கள்: பக்கவாட்டில் மெதுவாகச் சறுக்கியபடி, கடக்க வேண்டிய ஒவ்வொரு கம்ப வாயிலிலும் நின்று, எங்கே திரும்பத் தொடங்குவது, எந்த மேட்டுக்கு முன்னால் உடலை முன்னே தள்ளுவது, வெளிச்சம் எங்கே மங்கும் என்பதையெல்லாம் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு மேலே போய்க் கண்ணை மூடிக்கொண்டு, கைகளால் திருப்பங்களை வரைந்தபடி முழு ஓட்டத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த மனவோட்டம் உண்மையான நேரத்துக்குச் சில விநாடி நெருக்கத்தில் முடிந்தால் தடம் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். இந்தப் பழக்கத்துக்குப் பனி தேவையில்லை. நீங்கள் தினமும் நடக்கும் தேயிலைத் தோட்டப் பாதையிலேயே தொடங்கலாம்.

தொடக்க வாயிலில் கணுக்காலுக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு சிறு கோல் நிற்கும். கால் அதைத் தள்ளித் திறக்கும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். குறித்த நேரத்துக்கு ஐந்து விநாடி முன்னிருந்து ஐந்து விநாடி பின்வரை எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம். அதனால் நல்ல வீரர்கள் எண்ணிக்கை முடியும்வரை காத்திருப்பதில்லை. மூச்சு சரியாக அமைந்ததும், தடிகளை ஊன்றி உடலை முதலில் வெளியே எறிந்து, காலைக் கடைசியில் கொண்டுவருவார்கள்.

பணம் எங்கிருந்து வரும்

பரிசுப் பணத்தை நம்பி இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது. கிட்ஸ்பியூல் டவுன்ஹில்லில் வெல்பவருக்குச் சுமார் ஒரு லட்சம் யூரோ கிடைக்கலாம். முப்பதாவதாக வருபவருக்குக் கிடைப்பது பயணச் செலவுக்கே போதாது. முதல் வரிசை வீரர்களுக்குப் பலகை நிறுவன ஒப்பந்தமும், தலைக்கவசத்தில் விளம்பரம் ஒட்டும் உரிமையும் வருமானம் தருகின்றன.

மற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? அரசு வேலையில். 2018 ஒலிம்பிக் டவுன்ஹில் தங்கம் வென்ற இத்தாலியின் சோஃபியா கோஜா நிதிக் காவல் படையைச் சேர்ந்தவர். அதே நாட்டின் டொமினிக் பாரிஸ், கராபினியேரி என்ற ராணுவப் போலீஸ் படைக்காரர். ஆஸ்திரிய, ஜெர்மானிய வீரர்கள் பலர் ராணுவம், போலீஸ், சுங்கத்துறைகளில் இருக்கிறார்கள். சம்பளம் மாதந்தோறும் வரும், வேலை பனிச்சறுக்கு.

இந்தியாவிலும் அதே வழிதான் உறுதியானது. ராணுவமும் இந்திய-திபெத் எல்லைப் போலீஸும் தேசியப் போட்டிகளில் தனி அணிகளாக இறங்குகின்றன. குல்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. எல்லைப் போலீஸுக்கு அவுலியில் தனிப் பயிற்சி நிறுவனம் உண்டு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தைப் பார்த்தே வளரும் நம் பிள்ளைகளுக்கு ராணுவம் அந்நியமில்லை. பனி அனுபவத்தோடு பதினெட்டு வயதில் படையில் சேருபவர், அதைத் தேர்வுப் படிவத்திலும் பிரிவு அதிகாரியிடமும் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் யாரும் தேடி வந்து கேட்க மாட்டார்கள்.

மாநில அளவில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும், 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் பயணம், கருவி, போட்டிச் செலவுகளுக்கு உதவுகின்றன. ஊட்டியில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். குளிர்கால விளையாட்டு எந்தத் திட்டத்தில் வரும் என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழிப் பதிலை வைத்துக்கொண்டு வெளிநாட்டு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

முழங்காலும் உயிரும்

இதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து படிக்க வேண்டும். நெடுங்காலம் டவுன்ஹில்லில் இருக்கும் வீரர்களில் முழங்கால் தசைநார் கிழியாதவர்கள் குறைவு. அறுவைக்குப் பிறகு மீண்டும் பந்தயத்துக்கு வர ஒன்பது மாதமாவது பிடிக்கும். அதாவது ஒரு பருவம் போய்விட்டது. 2024 ஜனவரியில் வெங்கன் தடத்தில் விழுந்த நார்வேயின் கில்டேவுக்குத் தோள் விலகியது, கெண்டைக்கால் கிழிந்தது. அடுத்த பருவம் முழுவதையும் அவர் இழந்தார். பலகையின் விளிம்பே கத்தியாகிவிடும் என்பதால் வெட்டுப்படாத உள்ளாடை அணிகிறார்கள். 1994-இல் ஜெர்மனியின் கார்மிஷ் பந்தயத்தில் ஆஸ்திரியாவின் உல்ரிகே மையர் உயிரிழந்தார். 2017-இல் பிரான்சின் டேவிட் புவாசன் பயிற்சியின்போதே இறந்தார்.

ஆகவே மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெளிநாட்டில் ஹெலிகாப்டர் மீட்பையும் பந்தய விபத்தையும் ஏற்கும் காப்பீடு வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பந்தயத்தை விலக்கியிருக்கும், நுண்ணெழுத்தைப் படியுங்கள். பாதுகாப்பு வலை கட்டாத சரிவில் வேகப் பயிற்சி கூடாது. அன்று காலை உடலோ மனமோ ஒத்துழைக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு ஓட்டம் இல்லை; பயிற்சியாளரோ, செலவு செய்த அப்பாவோ எதிர்வாதம் செய்யக் கூடாது.

இந்த ஆண்டே தொடங்குவதானால்

ஆகஸ்ட், செப்டம்பருக்குள் மருத்துவப் பரிசோதனையை முடித்து, எந்த நிறுவனம் என்று தீர்மானியுங்கள். அரசு நிறுவன வகுப்புகளில் இடங்கள் குறைவு. அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே நிரம்பிவிடும். அக்டோபரில் விண்ணப்பத்தோடு பள்ளியின் அனுமதிக் கடிதத்தையும் வாங்கி வையுங்கள். நவம்பர் மழையில் ஸ்கேட்டிங் முடியாது; அந்த மாதம் முழுக்க உள்ளரங்கில் கால் பயிற்சி. ஜனவரியில் முதல் வகுப்பு. பணம் இருந்தால் இடைவெளி விடாமல் பிப்ரவரியில் இரண்டாம் வகுப்பையும் சேர்த்து எழுதிவிடுங்கள். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஊருக்கு வந்து திரும்ப ஆகும் போக்குவரத்துச் செலவில், பனியில் இன்னும் ஒரு வாரம் தங்கிவிடலாம்.